கேட்டவர் யார், சொன்னவர் யார்? தமிழ் மண்ணில் சமயங்கள் சந்தித்த வரலாறு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சமயங்களைப் பற்றிய ஆய்வில் இருக்கிறேன் என்று சொன்னதும் வரும் கேள்விகள் பெரும்பாலும் ஒன்றுபோலவே இருக்கும். தனித்தனியாகப் பதில் எழுதியவற்றை இங்கே ஒரே இடத்தில் சேர்த்திருக்கிறேன். இந்தியச் சமயங்கள் மற்ற சமயங்களைச் சந்தித்த கதை மிகப் பெரியது. எனக்கு நெருக்கமாகத் தெரிந்தது தமிழ்நாடும் யாழ்ப்பாணமும்தான் என்பதால் அங்கேயே நின்று பேசுகிறேன்.

இந்தப் படிப்பில் என்னதான் படிக்கிறீர்கள்?

மனிதர்கள் எதை நம்பினார்கள், அதை எப்படிச் சொன்னார்கள், எப்படி வழிபட்டார்கள், பக்கத்து வீட்டுக்காரரின் சாமியைப் பற்றி என்ன நினைத்தார்கள் என்பதைத்தான். இரண்டு சமயத்தார் சந்திக்கும்போது, அதுவரை யாரும் கேட்காத கேள்விகள் கிளம்பும். அதற்குப் பதில் தேடும்போது இரண்டு தரப்புமே கொஞ்சம் மாறிவிடும். அந்த மாற்றத்தை ஓலைச்சுவடி, கடிதம், கல்வெட்டு, பழைய அச்சுப் புத்தகம், திருவிழா என்று கிடைத்த எல்லாவற்றையும் வைத்துத் தேடிப் பார்ப்பதுதான் வேலை.

கோயில் சொற்பொழிவுக்கும் இதற்கும் என்ன வேறுபாடு?

சொற்பொழிவாளர் தன் சமயம் உண்மை என்ற இடத்திலிருந்து பேசுவார், அது அவர் கடமை. ஆய்வாளர் எந்தச் சமயம் உண்மை என்று தீர்ப்புச் சொல்ல மாட்டார். நம்பிக்கை உள்ளவரும் இதைச் செய்யலாம், இல்லாதவரும் செய்யலாம். எழுதியதைப் படிக்கும் அந்தச் சமயத்தவர் "ஆமாம், நாங்கள் இப்படித்தான் சொல்கிறோம்" என்று ஒப்புக்கொள்ள வேண்டும், நான் வைத்துக்கொள்ளும் முதல் அளவுகோல் இது. அதற்கு மேல் விமரிசனம் செய்ய வேண்டியிருந்தால் செய்யலாம்.

சமயங்களை ஒப்பிட்டுப் படிப்பது வெள்ளைக்காரர்கள் கொண்டுவந்த வழக்கம்தானே?

இல்லை. மணிமேகலையின் 27ஆவது காதையை எடுத்துப் பாருங்கள். தலைப்பே 'சமயக் கணக்கர் தம் திறம் கேட்ட காதை'. வஞ்சி நகரத்தில் மணிமேகலை ஒவ்வொரு சமயவாதியிடமும் போய் உங்கள் கொள்கை என்ன என்று கேட்கிறாள். அளவை வாதி, சைவ வாதி, பிரம வாதி, வைணவ வாதி, வேத வாதி, ஆசீவக வாதி, நிகண்ட வாதி, சாங்கிய வாதி, வைசேடிக வாதி, பூத வாதி என்று வரிசையாக வந்து பதில் சொல்கிறார்கள். துறவி வடிவம் எடுத்துக்கொண்ட ஒரு பெண் கேட்கிறாள், கற்ற ஆண்கள் விளக்குகிறார்கள், அவள் கேட்டுவிட்டு அடுத்தவரிடம் போகிறாள். காப்பியம் பௌத்தக் காப்பியம், அதனால் முடிவு எந்தப் பக்கம் போகும் என்று நமக்குத் தெரியும். ஆனாலும் பத்துப் பேருக்கும் பேச இடம் கிடைக்கிறது.

சமணக் காப்பியமான நீலகேசியின் நாயகி, பௌத்தரோடும் பிற சமயத்தாரோடும் ஊர் ஊராக வாதம் செய்கிறாள். சைவத்தில், 13ஆம் நூற்றாண்டில் அருணந்தி சிவாசாரியார் செய்த சிவஞான சித்தியாரில் பரபக்கம் என்ற பகுதி முழுவதும் பிற கொள்கைகளைப் பற்றியதுதான். முதலில் எதிராளியின் கொள்கையை அவர் சொல்வதுபோலவே எடுத்து வைக்கிறார், அப்புறம்தான் மறுக்கிறார். நமக்கு முழு நூலாகக் கிடைக்காத சில கொள்கைகளைப் பற்றி, அவற்றை மறுத்தவர்களின் நூல்கள் வழியாகத்தான் இன்று ஓரளவாவது தெரிந்துகொள்ள முடிகிறது.

எல்லாவற்றிலும் கேள்வி பதில், கேள்வி பதில் என்றே சொல்கிறீர்களே. அதில் என்ன இருக்கிறது?

எனக்கு இந்தத் துறையிலேயே பிடித்த விஷயம் இதுதான், கொஞ்சம் நீளமாகச் சொல்கிறேன்.

மனவாசகம் கடந்தாரின் உண்மை விளக்கத்தில் மாணவர் கேட்கிறார், குருவான மெய்கண்டார் பதில் சொல்கிறார். தத்துவங்கள் எவை, ஆணவம் எது, வினை எது என்று கேட்டுக்கொண்டே வந்து "நான் ஏது, நீ ஏது" என்கிறார் மாணவர். தெரியாதவர் கேட்கிறார், தெரிந்தவர் சொல்கிறார்.

1572இல் மதுரையில் அரங்கேறியது ஆயிர மசலா. வண்ணப் பரிமளப் புலவர் பாடியது. இன்று முழுமையாகக் கிடைக்கும் தமிழ் இசுலாமிய இலக்கியங்களில் மிகப் பழையது இதுதான். மசலா என்றால் கேள்வி. யூதப் பெரியவர் ஒருவர் நபிகள் நாயகத்திடம் வந்து கேள்வி மேல் கேள்வியாகக் கேட்கிறார், எல்லாவற்றுக்கும் விடை கிடைத்ததும் இசுலாத்தில் சேருகிறார். இங்கே கேட்பவர் வெளியிலிருந்து வந்தவர். இதே கதை அரபியிலிருந்து மலாய், சாவக (ஜாவா) மொழிகளுக்கும் போயிருக்கிறது. தமிழில் இதற்கு இன்னொரு பெயர் 'அதிசய புராணம்'. இசுலாமிய நூலுக்குப் புராணம் என்று பெயர் வைப்பதில் அந்தப் புலவருக்கு ஒரு தயக்கமும் இருந்ததாகத் தெரியவில்லை.

அதற்கு 7 ஆண்டுகள் கழித்து, 1579இல், கொச்சியில் அச்சான கிரீசித்தியானி வணக்கம் என்ற கத்தோலிக்க நூலும் உரையாடல்தான். போர்த்துக்கீசியத்திலிருந்து அண்டிரிக் அடிகளார் தமிழாக்கியது. ஆனால் இங்கே நிலைமை தலைகீழ். ஆசிரியர் கேட்கிறார், மாணவன் மனப்பாடமாகப் பதில் சொல்ல வேண்டும். விடை தெரிந்தவரே கேள்வி கேட்கிறார்!

மாணவர் கேட்பது, வெளியாள் கேட்பது, ஆசிரியர் கேட்பது. வடிவம் ஒன்றுபோலத் தெரிந்தாலும் கேட்பவர் மாறினால் பதிலின் குணமே மாறிவிடுகிறது. சமயச் சந்திப்பு பற்றிய எந்த ஆவணத்தை எடுத்தாலும் நான் முதலில் பார்ப்பது, இங்கே கேட்டவர் யார் என்பதைத்தான்.

ராபர்ட் தெ நொபிலி சந்நியாசி வேடம் போட்டு ஏமாற்றினார் என்கிறார்களே, உண்மையா?

ஏமாற்றினார் என்பாரும் உண்டு, தமிழ்ப் பண்பாட்டை மதித்த முதல் ஐரோப்பியர் என்பாரும் உண்டு. நடந்ததைப் பார்த்துவிட்டு நீங்களே முடிவு செய்யுங்கள்.

இத்தாலியப் பாதிரியாரான அவர் 1606இல் மதுரைக்கு வந்தார். அங்கே கொன்சாலோ பெர்னாண்டஸ் என்ற போர்த்துக்கீசியப் பாதிரியார் பத்தாண்டுக்கு மேலாக இருந்தும், மதுரையில் புதிதாக மதம் மாறியவர்கள் என்று சொல்ல யாரும் இல்லை. நொபிலி கண்டுபிடித்த காரணம் ஒரு சொல்: பறங்கி. சேர வருபவரிடம் கேட்கும் கேள்வியே, நீ பறங்கிக் குலத்தில் சேர விரும்புகிறாயா என்று பொருள்படும்படி இருந்தது. பறங்கி என்றால் மதுரைக்காரர்களுக்கு மாட்டிறைச்சி தின்று, குடித்து, குளிக்காமல் திரிகிற அந்நியர். அந்தக் குலத்தில் போய்ச் சேர யார் ஒப்புக்கொள்வார்கள்?

நொபிலி காவி கட்டினார், மரப்பாதுகை போட்டார், மரக்கறி உணவுக்கு மாறினார், தமிழோடு சிவதர்மர் என்ற பிராமணரிடம் சமற்கிருதமும் படித்தார், தத்துவபோதகர் என்று பெயர் வைத்துக்கொண்டார். நான் பறங்கி அல்ல, உரோமாபுரியில் உயர்குடியில் பிறந்தவன் என்று ஓலையில் எழுதி வீட்டில் மாட்டியும் வைத்தார். அவர் பிறந்த குடி உயர்ந்ததுதான், அது பொய் இல்லை.

பெர்னாண்டஸ் மேலிடத்துக்குப் புகார் எழுதினார். அப்போதுதான் பெரிய கேள்வி எழுந்தது. பூணூல், குடுமி, சந்தனம், நீராடல் இவையெல்லாம் சமய அடையாளமா, வெறும் சமுதாய வழக்கமா? வழக்கம்தான் என்றார் நொபிலி. அப்படியானால் கிறித்தவரானவர் அவற்றை வைத்துக்கொள்ளலாம். சமயம்தான் என்றார்கள் எதிர்த்தவர்கள். 1619இல் கோவாவில் கூடி வாதிட்டார்கள், 1623இல் போப்பாண்டவர் 15ஆம் கிரகோரி நொபிலி பக்கம் அனுமதி தந்தார். அதோடு முடியவில்லை. 1704இல் புதுச்சேரியில் வைத்து போப்பாண்டவரின் தூதர் ஒருவர் பல வழக்கங்களைத் தடை செய்தார், 1744இல் உரோமையும் அதை உறுதி செய்தது.

இதில் என் மனத்தை உறுத்துவது வேடம் அல்ல. சாதியைச் சமுதாய வழக்கம் என்ற பெட்டியில் போட்டு, அதை அப்படியே வைத்துக்கொள்ளலாம் என்று ஏற்றுக்கொண்டதுதான். உயர்சாதியாருக்குத் தனிக் கோயில், மற்றவர்களுக்குத் தனி. அந்தக் கணக்கை அடுத்த முந்நூறு ஆண்டுகள் தமிழ்க் கிறித்தவர்கள் அனுபவித்தார்கள். சீர்திருத்த (புராட்டஸ்டண்ட்) சபைகளிலும் இதே நிலைதான். 1833இல் ஆங்கிலிக்கப் பேராயர் டேனியல் வில்சன் சபைக்குள் சாதி கூடாது என்று கட்டளையிட்டபோது தஞ்சாவூர்க் கிறித்தவர்கள் பலர் கடுமையாக எதிர்த்தார்கள்.

தரங்கம்பாடியில் தமிழர்கள் எழுதிய கடிதங்கள் என்று ஏதோ சொல்கிறார்களே, அது என்ன?

டென்மார்க் அரசர் அனுப்பிய ஜெர்மன் பாதிரியார் சீகன்பால்க் 1706 ஜூலையில் தரங்கம்பாடியில் இறங்கினார். தமிழைக் கற்றார், சுவடிகளைத் தேடித் தேடிச் சேர்த்தார், 1708லேயே தன்னிடம் இருந்த தமிழ் நூல்களுக்கு ஒரு பட்டியல் எழுதினார். அப்புறம் அவரும் உடன் பணியாற்றிய கிருண்ட்லரும் தமிழர்களுக்குக் கடிதம் வழியாகக் கேள்விகள் அனுப்பினார்கள். உங்கள் கடவுள் யார், பாவம் என்றால் என்ன, மறுபிறப்பு உண்டா, ஏன் எங்கள் சமயத்தில் சேர மாட்டேன் என்கிறீர்கள் என்றெல்லாம். 1712க்கும் 1714க்கும் இடையில் வந்த பதில்களில் 99 கடிதங்கள் ஜெர்மன் மொழியில், அவர்கள் பணிக்குப் பின்னால் நின்ற ஹாலே நகரத்தில் அச்சாயின. அவை 'மலபார் கடிதங்கள்' எனப்படும். அன்றைய ஐரோப்பியர் தமிழரை மலபார்கள் என்றுதான் சொல்வார்கள், கேரளத்தோடு குழப்பிக்கொள்ள வேண்டாம்.

ஏன் சேர மாட்டீர்கள் என்ற கேள்விக்கு வந்த பதிலில் கடவுள் கொள்கை முதலில் வருவதில்லை. கிறித்தவர்கள் பசுவைக் கொன்று தின்கிறார்கள், கழிப்பிடம் போனால் கழுவுவதில்லை, குடிக்கிறார்கள், இறந்தவர் கரையேறச் செய்ய வேண்டிய சடங்குகளைச் சரியாகச் செய்வதில்லை. மறுப்பு இப்படித்தான் தொடங்குகிறது. பாதிரியார் கேட்டது நம்பிக்கையைப் பற்றி, இவர்கள் சொன்னது நடத்தையைப் பற்றி. சமயம் என்றால் மனத்தில் ஏற்கும் கொள்கை என்று ஒருவர் நினைக்கிறார், வாழும் முறை என்று மற்றவர் நினைக்கிறார். இதைப் பாடநூலில் பத்துப் பக்கம் விளக்குவார்கள். எனக்கு அந்த ஒரு கடிதத்திலேயே விளங்கிவிட்டது.

சீகன்பால்க் 1713இல் தென்னிந்தியத் தெய்வங்களைப் பற்றி ஒரு பெரிய நூலும் எழுதி அனுப்பினார். பொய்த் தெய்வ வழிபாட்டை ஒழிக்கத்தான் உங்களை அனுப்பினோம், அதை ஐரோப்பாவில் பரப்ப அல்ல என்ற நிலையில் இருந்தது ஹாலே. நூல் கிடப்பில் போனது, 1867இல்தான் சென்னையில் அச்சேறியது. ஒரு மனிதர் தான் அழிக்க வந்த ஒன்றைப் படிக்கப் படிக்க அதன்மேல் மதிப்புக் கொள்ளத் தொடங்குகிறார். குறிப்பாகச் சித்தரான சிவவாக்கியர்மேல். தமிழர்களுக்கு ஒரே கடவுள் என்ற எண்ணம் உண்டு என்பதற்கு அவர் திரும்பத் திரும்பக் காட்டியது சிவவாக்கியரைத்தான்.

அந்தக் கடிதங்களை நம்பலாமா?

கவனமாகப் படித்தால் நம்பலாம். முதல் சிக்கல், தமிழ் மூலம் கிடைக்கவில்லை. நம்மிடம் இருப்பது பாதிரியார்களின் ஜெர்மன் மொழிபெயர்ப்பு, அதுவும் அவர்கள் குறிப்புகளோடு. இரண்டாவது சிக்கல், எழுதியவர் யார் என்பது. சீகன்பால்கின் மொழிபெயர்ப்பாளராக இருந்த அழகப்பன் ஐரோப்பிய மொழிகள் சில அறிந்தவர், ஆவணங்களில் அலெப்பா என்று வருவார். பெரும்பாலான கடிதங்களை அவரே எழுதியிருக்கலாம் என்று வாதிடும் ஆய்வாளர்கள் உண்டு. அப்படியே இருந்தாலும் அதன் மதிப்புக் குறையாது என்பது என் கருத்து. இரண்டு உலகத்துக்கும் நடுவில் நின்ற ஒரு தமிழர், இவர்கள் எதைக் கேட்க விரும்புகிறார்கள் என்று நன்றாகத் தெரிந்தே எழுதிய பதில் என்று படித்தால் அது இன்னும் ஆழமாகிறது. ஒன்று மட்டும் மறக்கக் கூடாது. எழுத்தறிந்தவர்களின் குரல்தான் அது. சேரியிலும் வயலிலும் இருந்தவர்களிடம் யாரும் கடிதம் எழுதிக் கேட்கவில்லை.

'இந்து மதம்' என்பதே ஆங்கிலேயர் உருவாக்கியதா?

இந்தியாவின் பல வழிபாட்டு மரபுகளை ஒரே பெயரில் ஒரே மதமாக எண்ணும் பழக்கம் ஆங்கிலேயர் காலத்தில், சட்டமும் குடிக்கணக்கும் வந்தபின், வலுப்பெற்றது என்பது சரி. அதற்காக, முன்பு ஒன்றுமே இல்லை என்று சொல்லிவிட முடியாது. சைவர், வைணவர் என்ற தெளிவான அடையாளமும், வேதத்தை ஏற்பவர் ஏற்காதவர் என்ற பிரிவும் நெடுங்காலமாக உண்டு. இந்த விவாதத்தில் இரண்டு ஓரங்களிலும் சத்தம் அதிகம்.

ஆறுமுக நாவலர் எந்த வகையில் முக்கியம்?

அதுவரை கேள்விக்குப் பதில் சொல்லிக்கொண்டிருந்த தரப்பு, தானே கேள்வித்தாளைக் கையில் எடுத்தது அவர் காலத்தில்தான்.

1822இல் யாழ்ப்பாணத்து நல்லூரில் பிறந்தவர். மெதடிஸ்த பாதிரியார் பேர்சிவல் நடத்திய பள்ளியில் படித்து, அங்கேயே ஆசிரியராகி, பேர்சிவலின் விவிலியத் தமிழாக்கத்துக்கும் உதவினார். அதனால் மறுதரப்பின் வேதத்தை வரிவரியாகத் தெரிந்த சைவராக அவர் வெளியே வந்தார். 1847 டிசம்பர் 31இல் வண்ணார்பண்ணைச் சிவன் கோயிலில் பிரசங்கம் தொடங்கினார், 1848இல் சைவப்பிரகாச வித்தியாசாலை, அடுத்து அச்சுக்கூடம், பாலபாடம், வினாவிடை. பிரசங்கம், பள்ளிக்கூடம், அச்சு, வினாவிடை நான்குமே மிஷனரிகள் கையாண்ட கருவிகள்.

அவருடைய சைவ வினாவிடை இப்படித் தொடங்கும்: "உலகத்துக்குக் கருத்தா யாவர்? சிவபெருமான்." அடுத்தது, சிவபெருமான் எப்படிப்பட்டவர்? என்றும் உள்ளவர், எங்கும் நிறைந்தவர், எல்லாம் அறிபவர், எல்லாம் வல்லவர். கிறித்தவ ஞானோபதேசப் புத்தகத்தைப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள், உலகைப் படைத்தவர் யார் என்பதுபோன்ற கேள்வியில்தான் அவற்றில் பலவும் தொடங்கும். உண்மை விளக்கத்தில் மாணவர் குருவைக் கேட்டார், இங்கே புத்தகம் மாணவனைக் கேட்கிறது. உள்ளே இருப்பது சைவ சித்தாந்தம்தான், ஆனால் கேட்கும் முறை மாறிவிட்டது.

1854இல் வந்த சைவ தூஷண பரிகாரத்தில், நீங்கள் எங்கள் கோயிலில் பழிக்கும் தூபமும் தீபமும் பலியும் உங்கள் பழைய ஏற்பாட்டில் எருசலேம் ஆலயத்திலேயே இருக்கிறதே என்று அதிகாரம் வசனத்தோடு காட்டினார். பாதிரியார்களுக்குப் பதில் சொல்லச் சிரமமான வாதம் அது. சாதி ஒழுங்கில் அவர் கடைசிவரை இறுக்கமாக நின்றதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். அதை விட்டுவிட்டு அவரைப் புகழ்வது அரைகுறை வரலாறு.

ஒடுக்கப்பட்டவர்கள் தரப்பில் யாரும் பேசவில்லையா?

பேசினார்கள், நாம்தான் நெடுங்காலம் படிக்கவில்லை. அயோத்திதாசப் பண்டிதர் 1898இல் சென்னையில் சாக்கிய பௌத்த சங்கம் தொடங்கினார், 1907 முதல் 'தமிழன்' இதழ் நடத்தினார். தம் மக்கள் பழைய பௌத்தர்கள், தாழ்த்தப்பட்டது பின்னால் நடந்தது என்று தமிழ் இலக்கியத்தையும் பண்டிகைகளையும் முழுக்க வேறு விதமாக வாசித்தார். அவர் சொன்ன ஒவ்வொரு சொல் விளக்கத்தையும் மொழியியலாளர்கள் ஏற்பதில்லை. ஆனால், சமய வரலாற்றை யாருடைய திண்ணையில் உட்கார்ந்து எழுதுகிறோம் என்ற கேள்வியை அவரைப்போல வலுவாக எழுப்பியவர் அந்தக் காலத்தில் குறைவு.

சமயங்கள் கலந்ததற்கு அன்றாடத்தில் ஆதாரம் உண்டா?

நாம் பேசும் சொற்களே ஆதாரம். வேதாகமம் என்ற சொல்லைப் பிரித்துப் பாருங்கள், வேதம் + ஆகமம். சைவரின் இரண்டு அடிப்படை நூல்வகைகளும் சேர்ந்து விவிலியத்துக்குப் பெயராகிவிட்டன. திருநெல்வேலிப் பக்கம் தேவாலயத்தை இன்றும் வேதக்கோயில் என்பார்கள். கடவுளுக்கு நொபிலி சர்வேசுரன் என்றார், விவிலியத்தைத் தமிழாக்கிய பப்ரிசியஸ் பராபரன் என்றார், பின்னால் வந்த மொழிபெயர்ப்பு தேவன் என்றது. ஒவ்வொரு மாற்றத்துக்குப் பின்னாலும் பெரிய சண்டை. 1578இல் கொல்லத்தில், தமிழ் எழுத்தில் அச்சான முதல் புத்தகத்தின் பெயரே தம்பிரான் வணக்கம், தம்பிரான் சைவரின் சொல்.

பள்ளி என்பது இன்னும் அழகு. ஒரு காலத்தில் சமணரும் பௌத்தரும் தங்கிய இடம் பள்ளி, அதற்கு விட்ட நிலம் பள்ளிச்சந்தம். இன்று பிள்ளைகள் படிப்பதும் பள்ளி, முசுலிம்கள் தொழுவது பள்ளிவாசல்.

வேளாங்கண்ணிக்கும் நாகூருக்கும் இந்துக்கள் போகிறார்களே, அதை எப்படிப் புரிந்துகொள்வது?

வேளாங்கண்ணியில் ஒருமுறை, மொட்டையடித்துச் சந்தனம் பூசிய பேரனை இடுப்பில் வைத்திருந்த ஒரு பாட்டியிடம் பேசிக்கொண்டிருந்தேன். பையனுக்குக் காய்ச்சல் விடாமல் அடித்தபோது வேண்டிக்கொண்டதாம். "பழனிக்கு அடுத்த மாசம், இங்கே இந்த மாசம்" என்றார். எந்தச் சமயம் என்று கேட்கத் தோன்றவில்லை எனக்கு, அவருக்கும் அது கேள்வியாகவே இல்லை. நேர்த்திக்கடன் என்ற ஒரு சொல் போதுமாக இருந்தது.

இதைக் 'கலப்பு' என்று சொல்லிவிட்டுப் போவது எளிது. ஆனால் அந்தப் பாட்டி இரண்டு சமயங்களைக் கலக்கவில்லை. நோய்க்கும் தெய்வத்துக்கும் நடுவில் என்ன செய்ய வேண்டும் என்று அவருக்கு ஒரு முறை தெரியும், அதை இரண்டு இடத்திலும் செய்கிறார். நாகூரிலும் அப்படித்தான். அங்கே ஐந்து மனோராக்களில் உயரமானதைக் கட்டிக் கொடுத்தவர் தஞ்சை மராத்திய மன்னர் பிரதாப சிங். அதற்காக எல்லாம் எப்போதும் ஒற்றுமை என்று சொல்லிவிடவும் கூடாது, ஒரே ஊரில் கந்தூரிக்குச் சேர்ந்து போகிறவர்களே ஊர்வலப் பாதைக்காக மோதிக்கொண்டதும் உண்டு.

ஜி.யு. போப் கல்லறையில் 'இங்கே ஒரு தமிழ் மாணவன் உறங்குகிறான்' என்று எழுதியிருக்கிறதாமே?

இல்லை. ஆக்சுபோர்டில் இருக்கும் அந்தக் கல்லில் அந்த வாக்கியம் கிடையாது. அவர் குடும்பத்தாரும் தென்னிந்தியத் தமிழ் நண்பர்களும் சேர்ந்து வைத்த கல் என்று இருக்கிறது. எனக்கு இதுவே அதைவிட நெகிழ்ச்சியாக இருக்கிறது. திருக்குறளையும் திருவாசகத்தையும் ஆங்கிலத்தில் தந்தவருக்கு இங்கிருந்து ஆட்கள் பணம் அனுப்பிக் கல் வைத்திருக்கிறார்கள்.

எங்கே படிக்கலாம்? எதில் தொடங்குவது?

சென்னைப் பல்கலைக்கழகத்தில் சைவ சித்தாந்தம், வைணவம், கிறித்தவம், சமணம் ஆகியவற்றுக்குத் தனித்தனித் துறைகள் இருக்கின்றன. புதுச்சேரியில் பிரெஞ்சு நிறுவனத்தின் சைவ ஆகமச் சுவடிகள், சென்னையில் ரோஜா முத்தையா நூலகத்தின் பழைய அச்சுப் புத்தகங்கள், இரண்டும் பொக்கிஷம். தமிழோடு சமற்கிருதமோ அரபியோ போர்த்துக்கீசியமோ ஜெர்மனோ ஒன்று கற்றுக்கொள்ளுங்கள். ஜெர்மன் தெரிந்த தமிழர்கள் இந்தத் துறைக்கு இன்னும் நிறையப் பேர் வேண்டும், அந்த 99 கடிதங்களுக்குள் புதைந்திருக்கும் தமிழை ஊகித்து அறியத் தமிழ்க் காது வேண்டும்.

வீட்டில் இருந்தபடியே தொடங்க நினைத்தால் மணிமேகலை 27ஆம் காதையை உரையோடு படியுங்கள், அப்புறம் உண்மை விளக்கம், அப்புறம் நாவலரின் முதல் வினாவிடைப் புத்தகம். மூன்றையும் சேர்த்தாலும் பெரிய வாசிப்பு இல்லை, இரண்டு ஞாயிற்றுக்கிழமைகள் போதும். ஒவ்வொரு கேள்விக்கும் பக்கத்தில், இதைக் கேட்பவர் யார் என்று பென்சிலால் குறித்துக்கொண்டே போங்கள்.